லினக்ஸிலும் விளையாட மேசைக் கணினி: எதைப் பார்த்து வாங்குவது?

சுங்கைவாசி:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் குடியிருக்கிறோம். நான்காம் படிவத்தில் பயிலும் மகனுக்கு மேசைக் கணினி ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். பள்ளிப் பாடங்களுக்கும் என் கணக்கு வேலைக்கும் விண்டோஸ் 11 இருந்தே ஆகவேண்டும். விளையாட்டுகளை மட்டும் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தில் வைத்துக்கொள்ள அவன் ஆசைப்படுகிறான். பட்டணத்துக் கடையில் என்விடியா வரைகலை அட்டை பொருத்திய கணினியைக் காட்டி எல்லாம் ஓடும் என்கிறார்கள். லினக்ஸ் என்றதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அவன் ஆடுவது டோட்டா 2, கவுன்டர் ஸ்டிரைக் 2, நண்பர்கள் சேர்ந்தால் வெலோரண்ட். எந்த அட்டை நல்லது? இரண்டு இயங்குதளங்களையும் ஒரே எஸ்எஸ்டி வட்டில் போடலாமா?

ஈப்போ கணினியர்:
வணக்கம் ஐயா. உங்கள் பட்டியலில் முடிவைத் தீர்மானிப்பது வெலோரண்ட்தான். அதன் வேன்கார்ட் என்னும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், அமர்ந்து வேலை செய்வது; லினக்ஸில் அது இல்லாததால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த ஆட்டம் அங்கே ஓடாது. அதை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் விண்டோஸ் 11இல் வேன்கார்ட் இயங்க டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வசதி இருக்கவேண்டும்; கணினி தொடங்கும்போது நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஏறவிடும் செக்யூர் பூட் வசதியும் இயக்கத்தில் இருக்கவேண்டும். ஆகவே செக்யூர் பூட் வசதியை அணைக்காமலே ஏறக்கூடிய உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கவேண்டும்.

ஏஎம்டி அட்டையை நான் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம். அட்டையை இயக்கும் மென்பொருளான அதன் இயக்கி லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தே வருவதால் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. என்விடியா இயக்கியைத் தனியாக நிறுவவேண்டும்; செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், ஃபெடோரா போன்றவற்றில் அந்த இயக்கிக்கு நாமே சாவி உருவாக்கிக் கையொப்பமிடவேண்டும். அது முடியாத காரியமன்று, ஆனால் முதன்முறை லினக்ஸைத் தொடும் மாணவனுக்கு அந்தச் சுமை எதற்கு? 1080பி திரைக்கு 8 ஜிபி நினைவகமுள்ள ரேடியான் ஆர்எக்ஸ் 7600, ஆறு கோர் ரைசன் 5 செயலி, 16 ஜிபி ரேம் தாராளமாகப் போதும். டோட்டா 2, கவுன்டர் ஸ்டிரைக் 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. மற்ற விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்ட, வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருள், அந்நிறுவனத்தின் விளையாட்டுக் கடைச் செயலியான ஸ்டீமுக்குள்ளேயே இருக்கிறது.

கூலிம் வாசகி:
ஒரே எஸ்எஸ்டியில் போடவும் முடியும். ஆனாலும் இரண்டாக வாங்குங்கள் ஐயா. விண்டோஸ் ஒன்றிலும் லினக்ஸ் மற்றொன்றிலும் இருந்தால், ஒன்றை அழித்து மறுபடி நிறுவும்போது மற்றதற்குச் சேதம் வராது. லினக்ஸை நிறுவுமுன், விண்டோஸ் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸைத் தொட்டால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், உங்கள் கணக்குக் கோப்புகள் அந்தப் பூட்டுக்குள்தான் இருக்கும். ஸ்டீம் விளையாட்டுகளையும் விண்டோஸ் வட்டில் வைத்து லினக்ஸிலிருந்து திறக்காமல், லினக்ஸ் வட்டிலேயே இறக்கிக்கொள்வது நல்லது.

லினக்ஸில் ஆடிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கி நிற்கும், பயந்துவிடாதீர்கள். மதர்போர்டிலுள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிக்கின்றன. உள்ளூர் நேரத்தைப் பின்பற்றுமாறு லினக்ஸில் ஒருமுறை அமைத்துவிட்டால் சரியாகிவிடும்.

சுங்கைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஏஎம்டி அட்டையும் இரண்டு எஸ்எஸ்டியும் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் மோடம் முன்கூடத்தில் இருப்பதால் வைஃபை கட்டாயம் வேண்டும். அது லினக்ஸில் வேலை செய்யுமா என்று கடையிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஈப்போ கணினியர்:
உண்டு ஐயா. உபுண்டுவைப் பெண்டிரைவில் ஏற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வட்டில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் திறக்கலாம். உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டோடு வைஃபையை இணைத்து, ஒரு காணொளியை ஓடவிட்டு ஒலியையும் கேட்டுப் பாருங்கள். இன்டெல் வைஃபை சில்லு இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. கடைக்காரர் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.