தேசியச் சின்னத்தில் யானை எங்கே?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்தும் ஆசிரியை. சென்ற வாரம் நம் நாட்டின் அரசுச் சின்னத்தைப் பற்றிய பாடம். சாரநாத் தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் உள்ளன என்றும், அவற்றின் அடியிலுள்ள வட்டப் பீடத்தைச் சுற்றி யானை, குதிரை, காளை, சிங்கம் ஆகிய நான்கு விலங்குகள் செதுக்கப்பட்டுள்ளன என்றும் விளக்கினேன். ஒரு மாணவி பாடநூலில் உள்ள படத்தின் மீது விரலை வைத்து, "இதில் குதிரையும் காளையும்தானே இருக்கின்றன? யானையை ஏன் எடுத்துவிட்டார்கள்?" என்று கேட்டாள். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

குதிரை வேகத்தையும் காளை உழைப்பையும் குறிக்கின்றன என்று ஒரு வழிகாட்டி நூலில் படித்திருக்கிறேன். அதற்காகவே அவ்விரண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டனவா? மூலச் சிற்பத்தின் அடியில் இருந்த தாமரை ஏன் விடப்பட்டது? இதனைச் 'சின்னம்' என்பது சரியா, 'இலச்சினை' என்பது சரியா? அறிந்தவர்கள் விளக்கினால் வகுப்பில் தவறின்றிச் சொல்ல உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

அம்மா, உங்கள் மாணவி கேட்டது மிக நல்ல கேள்வி. யானையை யாரும் எடுக்கவில்லை. அது பின்பக்கம் இருக்கிறது.

சாரநாத் அருங்காட்சியகத்தில் அந்தச் சிற்பத்தைச் சுற்றி வந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏறத்தாழ ஏழு அடி உயரமுள்ள அத்தூண் தலைப்பு மணற்கல்லில் செதுக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அதன் மெருகு மங்காததால், சிங்கங்களின் மார்பில் இன்றும் வெளிச்சம் வழுக்கி ஓடுகிறது. ஒவ்வொரு சிங்கத்துக்கும் நேர் கீழே பீடத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் இடையில் ஒரு விலங்கு இருக்கிறது. ஆகவே ஒரு சிங்கத்துக்கு நேர் எதிரே நின்று பார்க்கும்போது நடுவில் ஒரு சக்கரமும், அதன் இருபுறமும் இரண்டு விலங்குகளும், ஓரங்களில் மற்ற இரு சக்கரங்களின் விளிம்புகளும் மட்டுமே கண்ணில் படும். நான்கு பக்கங்களில் எதை முகப்பாகக் கொண்டாலும் இரண்டு விலங்குகள்தாம் தெரியும். 1950 ஜனவரி 26 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட சின்னத்தில் வலப்புறம் காளையும் இடப்புறம் குதிரையும் தெரியும் பக்கம் முகப்பாக அமைந்தது. நான்காவது சிங்கம் மறைந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

வேகம், உழைப்பு என்ற விளக்கங்கள் பிற்காலத்தவர் ஏற்றிச் சொன்னவை. அரசின் அதிகாரப்பூர்வ விவரிப்பு எது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. புத்தர் முதல் அறவுரை நிகழ்த்திய இடத்தில் அசோகர் நாட்டிய தூண் அது என்பதால், யானை புத்தரின் தாய் மாயாதேவி கண்ட கனவையும், குதிரை சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்து சென்ற இரவையும் குறிப்பதாகக் கொள்வோர் உண்டு. நான்கு விலங்குகளும் நான்கு திசைகளைக் குறிப்பதாகக் கொள்வோரும் உண்டு. இரண்டையும் கருத்துகளாகவே மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

தாமரையைப் பொறுத்தவரை, மணி போலக் கவிழ்ந்திருக்கும் அந்தப் பகுதி தூணின் தண்டையும் பீடத்தையும் இணைப்பது. தண்டே இல்லாத ஒரு சின்னத்தில் அதற்கு வேலை இல்லை என்பது என் கருத்து.

ஆனால் யானையையும் தாமரையையும் விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1904-05ஆம் ஆண்டுகளில் எஃப். ஓ. ஓர்ட்டெல் தலைமையில் சாரநாத்தில் அகழாய்வு நடந்தபோது, சிங்கங்களுடன் ஒரு பெரிய சக்கரத்தின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. சிங்கங்கள் அந்த அறவாழியைத் தலைக்கு மேல் தாங்கி நின்றன. வலிமையின் வேலை அறத்தைச் சுமப்பது என்று அந்தக் கல் சொன்னது. சக்கரம் உடைந்துபோனதால் இன்று சிங்கங்களே உச்சியில் இருப்பதாக நாம் காண்கிறோம். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற தேசியக் கொடியில், பீடத்திலுள்ள 24 ஆரச் சக்கரம் நடுவிடம் பெற்றது எனக்கு எப்போதும் ஓர் ஆறுதல்.

வகுப்புக்கு ஒரு யோசனை. ஒரு நீண்ட காகிதப் பட்டையில் நான்கு விலங்குகளையும் இடையிடையே நான்கு சக்கரங்களையும் வரையச் சொல்லி, அதை வளையமாக ஒட்டி மேசை மீது நிறுத்துங்கள்.

மறுமொழி 2

மேலே உள்ளவர் சிற்பத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். அச்சுத் தொழிலில் இருக்கும் நான் சின்னத்தின் கீழே உள்ள எழுத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்துக்குக் கடிதத்தாள் அச்சடித்தேன். சின்னத்தை மிகச் சிறிதாகக் கேட்டிருந்தார்கள். அந்த அளவில் 'சத்யமேவ ஜெயதே' என்ற தேவநாகரி எழுத்துகள் மை அடைத்துக் கருங்கோடாகிவிட்டதால், அந்த வரியை மட்டும் நீக்கித் தகட்டைத் தயார் செய்துவிட்டேன். தாள்கள் அனைத்தும் திரும்பி வந்தன; அவர்கள் செய்தது சரியே. முண்டக உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்ட அந்தத் தொடர் வெறும் அலங்காரம் அன்று, சின்னத்தின் உறுப்பு. அது இல்லாவிட்டால் சின்னம் முழுமை பெறாது. அப்போதுதான் சிறிய அளவில் அச்சிடுவதற்கென எளிமையாக்கப்பட்ட வடிவமும், பெரிய அளவுக்கென நுணுக்கமான வடிவமும் தனித்தனியே உண்டு என்பதைத் தெரிந்துகொண்டேன். பிடரி மயிரின் கோடுகள் எளிய வடிவத்தில் குறைவு. ஆனால் எழுத்து இரண்டிலும் உண்டு.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். இச்சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005இல் தனிச் சட்டமும் 2007இல் அதற்கான விதிகளும் வந்தன. மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். திருமண அழைப்பிதழில் போட்டுத் தாருங்கள் என்று கேட்டு வருபவர்களிடம் நான் இதைச் சொல்லித்தான் மறுத்து அனுப்புகிறேன்.

மறுமொழி 3

பெயர் பற்றிய ஐயத்துக்கு என் விடை: இரண்டும் வழக்கில் உள்ள சொற்கள்தாம், ஆனால் இங்குச் 'சின்னம்' பொருத்தமானது.

ஐரோப்பிய மரபில் அரசுகளின் இலச்சினை ஒரு கேடயத்தை நடுவாகக் கொண்டது. போர்க்களத்தில் முகம் மறைத்த வீரர்களை அடையாளம் காணக் கேடயத்தில் தீட்டிய வண்ணங்களே காலப்போக்கில் குடும்பங்களுக்கும் அரசுகளுக்கும் உரிய இலச்சினைகளாயின. கேடயத்தின் இருபுறமும் அதைத் தாங்கும் விலங்குகளும், மேலே மகுடமும் அமையும். பிரித்தானிய அரசின் இலச்சினையில் ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் ஒற்றைக்கொம்புக் குதிரையும் நிற்பது இந்த மரபே. நம் சின்னத்தில் கேடயமும் இல்லை, மகுடமும் இல்லை. விடுதலை பெற்ற நாடு, தன்னை ஆண்டவர்களின் இலச்சினை இலக்கணத்தைக் கடன் வாங்காமல், தன் மண்ணில் கிடைத்த ஒரு சிற்பத்தையே அடையாளமாகக் கொண்டது என்பதை நான் பெருமையுடன் நினைக்கிறேன். 1949இல் வெளியான புதிய ஒரு ரூபாய்த் தாளில் மன்னரின் உருவம் இருந்த இடத்தில் இச்சிங்கங்கள் வந்து அமர்ந்தன.

தமிழ்நாடு அரசின் சின்னத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கோவில் கோபுரத்தின் முன் இதே சிங்கத் தூண் தலைப்பு, இருபுறமும் தேசியக் கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்'. தேவநாகரி வரியின் பொருளை மாணவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே காகிதப் பட்டையில் வரையச் செய்து வளையமாக ஒட்டி மேசை மீது வைத்தேன். கேள்வி கேட்ட மாணவி குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து குதிரையையும் காளையையும் பார்த்தாள்; பிறகு எழுந்து மேசையைச் சுற்றி மறுபக்கம் போய் நின்று, "யானை இங்கே இருக்கிறது, டீச்சர்" என்றாள். மற்ற மாணவர்களும் வரிசையாக அந்தப் பக்கம் சென்று பார்த்தார்கள். தலைக்கு மேலே இருந்த பெரிய சக்கரத்தை அட்டையில் வெட்டும் வேலை வரும் திங்கட்கிழமைக்கு.