கோல்ஃப் கார்ட் சார்ஜர் கோளாறு: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோவைக்காரன்

கோவைப் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். விருந்தினர்களை ஏற்றிப்போக ஐந்து கோல்ஃப் கார்ட் உண்டு, இங்கே எல்லோருக்கும் அது 'பேட்டரி கார்'தான். எல்லாமே 48 வோல்ட். சீட்டுக்கு அடியில் 6 வோல்ட் பேட்டரி எட்டு, வரிசையாக.

போன மே மாத விடுமுறை முடிந்து வந்தால், மூன்றாம் நம்பர் வண்டிக்கு சார்ஜ் ஏறவில்லை. பிளக்கைச் சொருகினால் சத்தமில்லை, வெளிச்சமில்லை. "சார்ஜர் செத்துப்போச்சு சார், புதுசு வாங்கிடலாம்" என்று டிரைவர் அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டார். நானும் நம்பி சார்ஜரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். பியூஸ் நன்றாக இருக்கிறது. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுக் கரண்ட் கொடுத்தேன். ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு நின்றிருக்கும். அப்போ முன்பக்கம் சரி. அரை நாள் போர்டையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில்தான் வண்டிக்குப் போய் மீட்டர் வைத்தேன். மொத்த வோல்டேஜ் 31! யாரோ சாவியை ஆனிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஒன்றரை மாதமாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. இந்த ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் எதிர்ப்பக்கம் பேட்டரி இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்க்கும். ஓரளவு வோல்டேஜ் தெரிந்தால்தான் ரிலே என்கிற உள் சுவிட்சைப் போடும். 31 வோல்ட்டை அது பேட்டரியாகவே மதிக்கவில்லை.

இரண்டு 6 வோல்ட்டைச் சேர்த்தால் 12. கார் பேட்டரி சார்ஜரை ஜோடி ஜோடியாகக் கொடுக்கலாம் என்று பார்த்தால், ஆபீஸில் இருந்த புது சார்ஜரும் அதே அடம் பிடித்தது. பேட்டரிக் கடையில் கெஞ்சி ஒரு பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர் வாங்கிவந்தேன். அதற்கு மூளை கிடையாது, கொடு என்றால் கொடுக்கும். நான்கு ஜோடி, ஜோடிக்கு இரண்டு மணி நேரம், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வண்டியின் சொந்த சார்ஜரைச் சொருகினேன். 'டிக்' என்று ரிலே விழுந்த சத்தம் இருக்கிறதே, அதற்கு ஈடில்லை.

வண்டி ஓடுகிறது. ஆனால் முன்பு போல ஓடவில்லை. அந்த அளவுக்கு இறங்கிக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்துவிடும், முழுசாகத் திரும்பி வராது. மற்றவர்களுக்கு என்னென்ன நடந்தது? எழுதுங்கள்.

ஃபுளோரிடா தாத்தா

நான் இருப்பது தி வில்லேஜஸ். ஓய்வுபெற்றவர்களின் ஊர். இங்கே மளிகை வாங்க, டாக்டரைப் பார்க்க, சீட்டாடப் போக எல்லாவற்றுக்கும் கோல்ஃப் கார்ட்தான். அதனால் நானும் பொழுதுபோகாத இன்னும் நாலு பேரும் தெருவுக்குத் தெரு சார்ஜர் வைத்தியர்களாக இருக்கிறோம்.

பக்கத்து வீட்டுக்காரருடையது பழைய 36 வோல்ட் வண்டி. சார்ஜரும் பழசு, எடை அதிகமான டிரான்ஸ்பார்மர் வகை. சொருகினால் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, ஆனால் முன்னால் இருக்கும் ஆம்ப் முள் அசையவில்லை. இது நல்ல அறிகுறி என்பேன். உறுமினால் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். ரிலே, டைமர், ஏ.சி. ஒயர் எதையும் சந்தேகப்பட வேண்டாம். கோளாறு அதற்குப் பின்னால்.

மூடியைத் திறந்ததும் கையை உள்ளே விடாதீர்கள். கரண்டைத் தேக்கிவைக்கிற ஒரு பெரிய கண்டென்சர் இருக்கும், 660 வோல்ட் என்று மேலேயே அச்சடித்திருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது கடிக்கும். நான் 10,000 ஓம் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கொறடால் பிடித்து, இரண்டு முனைக்கும் நடுவே சில நொடி வைத்துவிட்டு, மீட்டரிலும் பார்த்த பிறகுதான் தொடுவேன்.

டி.சி. பக்க பியூஸ், கண்ணாடி மூடிக்குள் இரண்டு பட்டையாக இருந்தது. அதில் ஒன்று மட்டும் உருகியிருந்தது. ஒரு பட்டை போனால் அந்தப் பக்க டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுகிற பாகம்) ஷார்ட். இரண்டுமே போயிருந்தால் பெரும்பாலும் யாரோ பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள்.

இங்கேதான் நான் முதல் தடவை ஏமாந்தேன். டயோடை இருந்த இடத்திலேயே வைத்து மீட்டரில் பார்த்தேன், இரண்டுமே ஷார்ட் என்று காட்டியது. இரண்டையும் மாற்ற ஆர்டர் போடப் போனவன், ராத்திரி படுக்கும்போது யோசித்தேன். இரண்டு டயோடும் ஒரே அலுமினியத் தகட்டில் ஒரு முனையால் உட்கார்ந்திருக்கின்றன. மறுமுனை இரண்டும் டிரான்ஸ்பார்மர் சுற்றின் இரண்டு கோடிக்குப் போகின்றன. அந்தச் சுற்றுக்கு ஓம் கணக்கே இல்லை, மீட்டருக்கு அது வெறும் ஒயர். ஆக, ஒன்று செத்தால் இரண்டும் செத்த மாதிரிதான் தெரியும். மறுநாள் காலையில் ஒரு டயோடின் ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஒன்று இரண்டு பக்கமும் பூஜ்யம். இன்னொன்று ஒரு பக்கம் 0.5 வோல்ட், மறுபக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுதான் போயிருந்தது. அதை மாற்றி, பியூஸைப் போட்டதும் முள் 20 ஆம்புக்கு எகிறியது. அவர் மனைவி ஒரு ஆப்பிள் பை கொடுத்தார். பை அவ்வளவு நன்றாக இல்லை.

மதுரை மெக்கானிக்

என் கதை சின்னது. ஒரு கோயிலில் வயசானவர்களை ஏற்றிப்போகிற பேட்டரி கார். சார்ஜர் 'டப்' என்று வெடித்துவிட்டது என்று போன். கழற்றினால் உள்ளே பல்லி. போர்டில் ஏ.சி.யை டி.சி.யாக்கின இடத்தில், முன்னங்கால் ஒரு பின்னில், வால் இன்னொரு பின்னில், அப்படியே காய்ந்து கருவாடாக ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் 325 வோல்ட் டி.சி. ஓடும். மாஸ்ஃபெட் என்கிற டிரான்சிஸ்டர் இரண்டு, பியூஸ், பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர், எல்லாம் காலி.

மாற்றிக் கொடுத்தேன். காற்றுப் போகிற ஓட்டைகளுக்கு உள்பக்கம் கொசுவலை ஒட்டிவிட்டேன். மூன்றே வாரத்தில் அதே வண்டி திரும்பி வந்தது. வலையில் தூசி அடைத்து ஃபேன் காற்று போகாமல் சூடாகி நின்றுவிடுகிறது! இப்போது மாதம் ஒரு தடவை பெயின்ட் பிரஷால் தட்டச் சொல்லியிருக்கிறேன். தட்டுகிறார்களா என்று கேட்காதீர்கள்.

எறும்பும் உண்டு. ரிலே பாயின்டுக்கு நடுவே போய்ச் செத்துக்கிடக்கும். ரிலே சத்தம் வரும், கரண்ட் வராது.

ஷார்ஜா எலக்ட்ரீசியன்

எங்கள் அர்பாப் (முதலாளி) சவூதியில் தம்மாமில் இருந்தபோது வைத்திருந்த அமெரிக்க வண்டியை இங்கே பண்ணைக்குக் கொண்டுவந்தார். சார்ஜர் 120 வோல்ட் என்று போட்டிருந்தது. அங்கே பழைய காம்பவுண்டில் 127 வோல்ட் பிளக் இருந்ததால் நேராகவே போட்டிருக்கிறார்கள், வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறது. இங்கே 230, அதனால் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்தேன். 120 வோல்ட் சரியாக வருகிறது. சார்ஜரும் உறுமுகிறது, அங்கே இருந்ததைவிடச் சத்தமாகவே. ஆனால் முள் இரண்டு மூன்று ஆம்பைத் தாண்டவில்லை. ராத்திரி முழுக்கப் போட்டாலும் காலையில் பாதிகூட ஏறவில்லை.

டயோடு, கண்டென்சர், பியூஸ், கேபிள் எல்லாம் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அப்புறம் சார்ஜர் மேல் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துவிட்டுப் படித்தேன்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சவூதி 60. இந்த ஊர் 50.

தாத்தா சொன்ன அந்தப் பெரிய கண்டென்சர் சும்மா இல்லை. டிரான்ஸ்பார்மரின் ஒரு சுற்றும் அந்தக் கண்டென்சரும் சேர்ந்து 60 ஹெர்ட்ஸுக்கு என்று சுருதி சேர்த்து வைத்தவை. வெளியே வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் உள்ளே அசையாமல் இருப்பதற்கே அந்த ஏற்பாடு. ஆனால் ஹெர்ட்ஸ் குறைந்தால் அதே அளவு வோல்டேஜும் குறைந்துவிடும். 60க்கு 50 என்றால் ஆறில் ஒரு பங்கு போச்சு. 48 வோல்ட் பேட்டரியை முழுசாக ஏற்ற 60 வோல்ட் பக்கம் வேண்டும். எனக்குக் கிடைத்தது 50. பேட்டரியே 50 வோல்ட்டில் நிற்கும்போது ஆம்ப் எங்கிருந்து ஓடும்?

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. இது படித்த பாடம்தான், ஆனால் 45 டிகிரி வெயிலில் ஷெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஞாபகம் வரவில்லை. 50, 60 இரண்டுக்கும் ஒத்துவரும் எஸ்.எம்.பி.எஸ். (எலக்ட்ரானிக் வகை) சார்ஜர் வாங்கிப் போட்டோம். பழசு இன்னும் ஷெட்டில் இருக்கிறது. அர்பாப் தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார்.

கோவைக்காரன்

அண்ணே, இதை நான் ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். மதுரை அண்ணனின் பல்லிக் கதையை எங்கள் டிரைவரிடம் காட்டினேன், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார்.

ஜொகூர் பட்டறை

மலேசியாவில் ஒரு கோல்ஃப் கிளப்பில் பத்து வருஷமாக வண்டிப் பட்டறையில் இருக்கிறேன். எங்களிடம் 60 வண்டி. எங்கள் அனுபவத்தில் 'சார்ஜர் கெட்டுவிட்டது' என்று வருகிற பத்தில் ஆறேழு சார்ஜரே இல்லை.

ஒன்று சொல்கிறேன். ஒரு சார்ஜர் அணைவதே இல்லை. மற்ற வண்டிகள் விடியற்காலைக்குள் பச்சை விளக்குக்கு வந்துவிடும், இது மட்டும் காலை ஏழு மணிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மண்டோர் (மேஸ்திரி) சார்ஜரை மாற்றச் சொன்னார். மாற்றினோம். புதுசும் அணையவில்லை. மூன்றாவது நாள் ஷெட்டைத் திறந்தால் அழுகின முட்டை வாடை.

மூக்குக்கு இது தெரியவேண்டும். நன்றாக இருக்கும் பேட்டரியிலிருந்து வருகிற ஹைட்ரஜனுக்கு வாடையே கிடையாது. அழுகின முட்டை வாடை வந்தால் ஏதோ ஒரு பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. உடனே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மெயின் போர்டில் போய் அணைத்தோம். வண்டிப் பக்கத்தில் நின்று பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறக்கும். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும்.

அரை நாள் ஆறவிட்டு, மறுபடி சார்ஜில் போட்டுப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்தேன். எங்களுடையது 8 வோல்ட் பேட்டரி ஆறு. ஐந்தில் 9.8, 9.9 என்று வந்தது. நாலாவதில் 7.4. மூடிகளைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரை விட்டேன். மற்ற அறைகளில் மிதவை 1.270ல் நின்றது. இதில் ஓர் அறையில் மட்டும் 1.120க்கு அமிழ்ந்துவிட்டது, ஆசிட்டும் தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பாக வந்தது. செல் டெட்.

சார்ஜர் பாவம், வோல்டேஜ் ஏறி நிற்கும் என்று காத்திருக்கிறது. செத்த செல் ஏறவிடாமல் இழுக்கிறது. அதனால் மற்ற ஐந்துக்கும் ராத்திரி முழுக்கக் கொதிப்பு, தண்ணீர் வற்றித் தகடு தெரிகிற அளவு. அந்த ஒரு பேட்டரியை மாற்றினதும் பழைய சார்ஜரே நாலு மணிக்கு அணைந்தது.

தண்ணீர் விஷயம்: தகடு வெளியே தெரிந்தால் தகடு மூடும் அளவு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு சார்ஜ் போடுங்கள், மீதியை சார்ஜ் முடிந்த பிறகு. முதலிலேயே முழுசாக ஊற்றினால் சூட்டில் பொங்கி ஆசிட் வழியும். அது டிரேயை அரித்து ஓட்டை போடும், பார்த்திருக்கிறேன்.

சென்னை சோலார்

எல்லோரும் ஆசிட் பேட்டரியையே பேசுகிறீர்கள். நாங்கள் போன வருஷம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு வண்டியை லித்தியத்துக்கு மாற்றினோம், பாஸ்பேட் வகை, 16 செல். சார்ஜரையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட்டில் எழுதினேன். "அதுவும் 48, இதுவும் 48தானே" என்று அந்த வரியை அடித்துவிட்டார்கள். பழைய சார்ஜரில் போட்டால் ஏறத்தான் செய்தது. லித்தியம் பேக்குக்கு 58.4 வோல்ட்டோடு நிறுத்தவேண்டும். பழைய சார்ஜர் கடைசியில் செல்களைச் சமன்செய்கிறேன் என்று அதற்கு மேலே போகும், உடனே பி.எம்.எஸ். (பேக்குக்குள் காவல் இருக்கும் போர்டு) கதவைச் சாத்திவிடும். சார்ஜர் 'பேட்டரி காணோம்' என்று சிவப்பு காட்டும். தினமும் காலையில் எனக்கு போன்.

இன்னொரு கூத்து. ஒரு தடவை அடிவரை ஓட்டிவிட்டார்கள், பி.எம்.எஸ். அணைந்துவிட்டது. வெளியே மீட்டர் வைத்தால் பூஜ்யம். கோவைக்காரர் சொன்ன கதைதான், சார்ஜர் பார்க்கவே மாட்டேன் என்றது. அதற்கென்று உள்ள சார்ஜர் வந்து எழுப்பிய பிறகுதான் எழுந்தது. அடித்த வரியை அப்புறம் அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

கோவைக்காரன்

நேற்று ஒன்று. ஐந்தாம் நம்பர் வண்டி, சார்ஜ் விட்டுவிட்டு ஏறுகிறது என்றார்கள். இந்தத் தடவை சார்ஜரைக் கழற்றவில்லை. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வண்டிப் பக்க சாக்கெட்டில் டார்ச் அடித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. பிடி தளர்ந்து, சூடாகி, சூட்டில் இன்னும் தளர்ந்து போயிருக்கிறது. பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் ஓடும், மறுபடி இதே கதைதான். பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

டிரைவர் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். "அப்போ சார்ஜர் நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.