.32 ரிவால்வரா, .32 பிஸ்டலா? லைசென்ஸ் வந்தாச்சு, எதை வாங்குவது?

கொங்குக்காரன்:

வணக்கம்ங்க. கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ‘ரிவால்வர்/பிஸ்டல், தடை செய்யப்படாத போர்’ என்று போட்டிருக்கிறது (போர் என்றால் குழல் துளையின் அளவு). இரவு கடையை அடைத்து நகையோடு வீடு திரும்பும்போது இடுப்பில் இருக்கும், மற்ற நேரம் வீட்டில். மாதம் இரண்டு முறை திருச்சூருக்கும் போக வேண்டும்.

கடைக்காரர் சுழலும் சிலிண்டரில் தோட்டா போடும் .32 ரிவால்வர், பிடிக்குள் செருகும் மேகசினில் தோட்டா போடும் .32 பிஸ்டல் இரண்டையும் காட்டுகிறார். இரண்டும் .32தானே, ஒரே தோட்டா இரண்டுக்கும் ஆகுமா? வெளிநாட்டு வீடியோக்களில் 9 மி.மீ.க்குக் கீழே இறங்காதே என்கிறார்கள். .32 ஆளை நிறுத்துமா? அவசரத்துக்கு அம்மாவும் எடுக்கும்படி .22 ‘நிடர்’ ரிவால்வர் வாங்கிவிடலாமா என்றும் ஒரு யோசனை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஆர்மரர்_ஆவடி:

9 மி.மீ. பேச்சை முதலில் ஓரம் வைத்துவிடுங்கள். 9 மி.மீ., .38, .455 எல்லாம் ராணுவம், போலீஸ் புழங்கிய அளவுகள். அதனால் இங்கே தடை செய்யப்பட்ட போர். அவற்றுக்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும், கலெக்டரோ கமிஷனரோ தருகிற சாதாரண லைசென்சில் வராது. .357 மேக்னம் தடையில் இல்லைதான். ஆனால் பொதுமக்களுக்கான இறக்குமதி 1980களிலேயே நின்றுவிட்டது. பழைய துப்பாக்கிகள் கைமாறிக் கைமாறி லட்சக்கணக்கில் போகின்றன, தோட்டாவும் லேசில் கிடைக்காது. பயிற்சிக்குச் சுட முடியாத துப்பாக்கியைத் தற்காப்புக்கு வாங்கக் கூடாது. ஆக நம் ஊரில் கேள்வி .32க்குள்தான்.

இரண்டு தோட்டாவும் ஒன்றல்ல. இதில் குழம்பினால் ஆபத்து.

ரிவால்வருக்குப் போவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், 1896இல் வந்தது. பின்பக்கம் அகலமான விளிம்பு இருக்கும், அந்த விளிம்புதான் தோட்டாவை சிலிண்டரில் தாங்கிப் பிடிக்கிறது. சுமார் 6.3 கிராம் ஈயக் குண்டு, வேகம் நொடிக்கு 215 மீட்டர் அளவில், ஆற்றல் 150 ஜூலை ஒட்டி. பிஸ்டலுக்குப் போவது .32 ஏசிபி, அதாவது 7.65 மி.மீ. பிரவுனிங். நீளம் குறைவு, விளிம்பு மெல்லியது, உடம்பைவிட ஒரு நூல்தான் வெளியே நிற்கும். உலோக உறை போட்ட 4.6 கிராம் குண்டு, நொடிக்கு 275 மீட்டர், ஆற்றல் 175 ஜூல் அளவில்.

சில ரிவால்வர்களின் சிலிண்டருக்குள் ஏசிபி தோட்டா போய் உட்கார்ந்துவிடும். உட்காருகிறதே என்று சுடாதீர்கள். அதன் அழுத்தம் லாங் தோட்டாவைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். பழைய, சன்னமான சிலிண்டருக்கு அது தாங்காது. மெல்லிய விளிம்பு சரியாகத் தாங்காததால் பிரைமரில் (தோட்டாவின் பின்பக்கம் அடிபட்டதும் தீப்பற்றும் பகுதி) அடி விழாமலும் போகும். கடையில் ‘.32 தோட்டா’ என்று மொட்டையாகக் கேட்காமல் ‘.32 ரிவால்வர் தோட்டா’ அல்லது ‘.32 பிஸ்டல் தோட்டா’ என்று கேளுங்கள். பில்லிலும் லைசென்ஸ் பதிவிலும் அப்படியே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, நிறுத்துமா என்ற கேள்வி. 9 மி.மீ. 490 ஜூலை ஒட்டி வரும், எனவே .32 அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கைத்துப்பாக்கிக் குண்டு எதுவும் ஆளைத் தூக்கி எறியாது. உள்ளே போதுமான ஆழம் போய் முக்கியமான இடத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான். 1986 ஏப்ரலில் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வைத்த அளவுகோலும் இதுதான்: உடல் தசைக்குப் பதிலாக வைத்துச் சுடும் 10 சதவீத ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம், அதாவது 30 முதல் 45 செ.மீ. அந்தச் சம்பவத்தால் 10 மி.மீ.க்கும் .40க்கும் தாவியவர்கள், பிற்பாடு குண்டுகள் தேறியதும் 9 மி.மீ.க்கே திரும்பினார்கள். .32இல் உருண்டை மூக்கு ஈயக் குண்டும் உறை போட்ட குண்டும் இந்த ஆழத்தைப் பெரும்பாலும் எட்டிவிடும். மூக்கில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டுதான் தகராறு. இந்தச் சின்ன அளவில் அது விரிந்தால் வேகம் செத்துப் பாதியிலேயே நின்றுவிடும். கிடைத்தாலும் தேடிப் போகாதீர்கள்.

25 ஜூல் வித்தியாசத்தைப் பார்த்து பிஸ்டலை எடுக்க வேண்டாம். எது உங்கள் கையில் ஒவ்வொரு தடவையும் தவறாமல் சுடுகிறது என்று பாருங்கள். உங்கள் தேவைக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன்.

ரேஞ்ச்_திருச்சி:

ஆர்மரர் சார் சொன்னது பெரும்பாலும் சரி. பிஸ்டல் பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன், ஏனென்றால் இடுப்பில் வைப்பதற்குத் தட்டையான பிஸ்டல்தான் சௌகரியம். சட்டைக்கு மேலே புடைக்காது.

நம் நாட்டு .32 பிஸ்டலான ‘அசானி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடின் (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) கனமும் ஸ்பிரிங்கும்தான் சுடும்போது பின்பக்கத்தைப் பிடித்து வைக்கின்றன, அதனால் அந்த ஸ்பிரிங் விறைப்பாகவே இருக்கும். கை வலு குறைந்தவர்களால் ஸ்லைடை முழுக்க இழுத்து விட முடியாது. பாதி இழுத்துக் கையோடு கொண்டுபோய் விட்டால் தோட்டா கோணலாக ஏறி மாட்டிக்கொள்ளும். இழுத்தால் கடைசி வரை இழுத்து, சட்டென்று விட்டுவிட வேண்டும். கடையில் காலித் துப்பாக்கியில் பத்து முறை இழுத்துப் பாருங்கள். எட்டாவது முறை விரல் வழுக்குகிறதென்றால் அது உங்களுக்கு ஒத்துவராது.

அடுத்தது விளிம்புப் பூட்டு. .32 ஏசிபியில் மெல்லிய விளிம்பு இருக்கிறதல்லவா, மேகசினில் போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போலக் கோத்துக்கொள்ளும், ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் தோட்டா நகராது. ஸ்லைடைத் திரும்ப இழுத்து விட்டாலும் சரியாகாது, மேகசினை வெளியே எடுத்துத்தான் பிரிக்க வேண்டும். நிரப்பி முடித்ததும் மேகசினின் முதுகைப் பாருங்கள். ஒவ்வொரு விளிம்பும் படிக்கட்டு போல முன்னேறி நிற்கிறதா என்று கண்ணால் உறுதி செய்யுங்கள்.

தினமும் காலையில் தோட்டாவை வெளியே எடுத்து இரவு அதே தோட்டாவை ஏற்றுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு தோட்டா குழலுக்கு ஏறும் சரிவில் மோதி, குண்டு தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும். புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கொங்குக்காரன்:

ரொம்ப நன்றிங்க. அப்போ ரிவால்வர் பக்கம்தான் மனசு போகுது. அதில் எது? பழைய மாடலா, நிர்பீக்கா, பிரபலா? நிடர் பற்றியும் யாரும் சொல்லலையே.

ஆர்மரர்_ஆவடி:

நிடர் .22. எட்டு தோட்டா, எடை 250 கிராம்தான். எடையைப் பார்த்து மயங்காதீர்கள். .22 குட்டைக் குழலில் 100 ஜூலை ஒட்டித்தான் தரும். அதைவிடப் பெரிய குறை, பிரைமர் மருந்து விளிம்பின் மடிப்புக்குள் வழித்துப் பூசப்பட்டிருக்கும். அடி விழுகிற இடத்தில் மருந்து இல்லையென்றால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு முடிந்தது. .32இல் பிரைமர் நடுவில் தனியாக இருப்பதால் அந்தச் சந்தேகம் குறைவு.

கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் பழைய .32 மார்க் 3, 2014இல் வந்த நிர்பீக் இரண்டுமே பிரிட்டனின் வெப்ளி ரிவால்வர் வழி. நடுவில் மடித்துத் திறக்கிற அமைப்பு. நிர்பீக் டைட்டானியம் கலந்த உலோகம், அரை கிலோ. வெளிவந்தபோதே 1.22 லட்சம் ரூபாய். 2023இல் வந்த பிரபல் 700 கிராம், 76 மி.மீ. குழல், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். எடை கூடினால் உதை குறையும், அடுத்த குறி சீக்கிரம் வரும். .32 லாங்கின் உதை ஏற்கெனவே சிறியது என்பதால் தினமும் சுமப்பவர் நிர்பீக்கை எடுத்தாலும் பழுதில்லை.

மடிக்கிற வகையில் ஒரே ஒரு தொல்லை. காலிக் கூடுகளை வெளியேற்றும்போது மெதுவாகத் திறந்தால், ஒரு கூட்டின் விளிம்பு, கூடுகளை வெளியே தள்ளுகிற நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் நழுவி உட்கார்ந்துகொள்ளும். பிறகு திறக்கவும் வராது, மூடவும் வராது. குழலை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்து, ஒரே வீச்சில் முழுக்கத் திறக்க வேண்டும். ஆறு கூடுகளும் தாமே கீழே கொட்டும்.

தோட்டா வாங்கியதும் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். விரல் நுனியால் பின்பக்கத்தைத் தடவுங்கள். பிரைமர் சமமாகவோ ஒரு நூல் உள்வாங்கியோ இருக்க வேண்டும். மேலே துருத்தி நின்றால் சிலிண்டர் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். கூட்டின் வாயில் வெடிப்பு, பச்சைக் களிம்பு, ஆடுகிற குண்டு எது இருந்தாலும் கழித்துவிடுங்கள். துப்பாக்கிக்கு எண்ணெய் விட்டதும் சிலிண்டர் அறைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் தோட்டா போட வேண்டும். எண்ணெய் பிரைமருக்குள் கசிந்தால் மருந்து செத்துவிடும்.

ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். தோட்டா வெடிக்கவே இல்லையென்றால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே 30 நொடி வைத்திருந்து பிறகு திறங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. நிஜமான ஆபத்தில் அப்படிக் காத்திருக்க முடியாது, மறுபடி விசையை இழுத்தால் சிலிண்டர் அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்துவிடும். பிஸ்டலில் அதற்கு இரண்டு கையும் வேண்டும். உங்களுக்கு ரிவால்வர் சொன்னதற்கு முதல் காரணமே இதுதான்.

வக்கீல்_மதுரை:

அம்மா விஷயம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. லைசென்ஸ் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அவசரத்துக்கு எடுக்கட்டும் என்று அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள். அவருக்குத் தேவையென்றால் அவர் பெயரில் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். நீங்கள் சுமக்காத நேரம் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், சாவி உங்களிடம்.

திருச்சூர் போகிறேன் என்றீர்கள். லைசென்சில் எந்தப் பகுதிவரை செல்லும் என்ற இடத்தைப் பாருங்கள். தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால் துப்பாக்கியோடு கேரள எல்லையில் உள்ள வாளையாரைத் தாண்டக் கூடாது. தேவையான ஆவணத்தோடு விரிவுபடுத்தக் கேளுங்கள். லைசென்ஸ் நிபந்தனையை மீறுவது ஆயுதச் சட்டம் 30ஆம் பிரிவில் குற்றம்.

சுடும் உரிமை எதுவரை என்பது இப்போது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. உயிரைப் பறிக்கும் அளவுக்கான தற்காப்பை 38ஆம் பிரிவு சொல்கிறது: சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் போன்ற நிலைகள். பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் இந்தப் பிரிவு உங்களைக் காப்பாற்றாது.

ரேஞ்ச்_திருச்சி:

வாங்கியதும் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் சேர்ந்துவிடுங்கள். கட்டைவிரலால் சுத்தியைப் பின்னால் தள்ளிச் சுட்டுப் பழகாதீர்கள், குறி நன்றாக விழும், ஆனால் பதற்றத்தில் அதற்கு நேரம் கிடைக்காது. விசையை நேரே இழுத்துச் சுடும் டபுள் ஆக்‌ஷன்தான் பழக்கமாக வேண்டும். அந்த இழுப்பு கனமாக இருக்கும், அதனால் குழல் முனை கீழே சாயும். சுட்டு முடித்த ஆறு காலிக் கூடுகளைச் சிலிண்டரில் போட்டு (நீங்கள் பழகுகிற அறைக்குள்ளேயே உண்மைத் தோட்டா இருக்கக் கூடாது), முன் குறியின் மேல் ஒரு சின்னக் காசை வைத்து விசையை இழுங்கள். காசு விழாமல் தொடர்ந்து பத்து முறை வந்த பிறகு 5 மீட்டரில் நிஜத் தோட்டா, அங்கே ஆறும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்த பிறகு 7 மீட்டர்.