குளிர்கால வாசிப்பு: படப்புத்தகம் முதல் காதல் நாவல் வரை, உங்கள் அனுபவங்கள்

நிலாமுற்றம்:

குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடுகிறது, வாசிப்பு கூடிவிடுகிறது. மாலையில் மகனுக்குப் படப்புத்தகம், அவன் உறங்கியபின் எனக்குக் காதல் நாவல். பெற்றோராக இருக்கும் பலருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு நாள் நடந்ததை மட்டும் யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்.

ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1978இல் வந்தது, உள்ளே கதை முழுக்கப் படங்கள்தான், ஒரு சொல்கூடக் கிடையாது. மகனுக்கு நான்கு வயது. கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். விடிந்ததும் சிறுவன் ஓடிவருகிறான், பனிமனிதர் உருகிப்போயிருக்கிறார். மகன் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. பனியில் கிடந்த அவருடைய தொப்பியின் படத்தின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான், நகம் வெளுக்கும்வரை. பிறகு பக்கங்களைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டத் தொடங்கினான். உருகியவர் எழுந்தார், வானத்தில் பறந்தார், வீட்டுக்குள் நடந்தார், மறுபடி வெறும் பனியானார். சிறுவன் கட்டிலில் கண்விழிக்கும் முதல் பக்கம் வந்ததும் மகன் நிறுத்தினான். "இன்னும் அவரைச் செய்யவே இல்லை. அதனால் உருகமாட்டார்" என்றான். புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டான்.

அன்று இரவு நான் கையில் எடுத்தது, இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும் நாவல். அந்த உறுதிக்காகவே அதை எடுக்கிறேன். எனக்கு நான் கொடுத்துக்கொள்ளும் உறுதியை நான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பது சரிதானா? இன்னும் மனத்தைக் குடைகிறது.

கடைசிவரி:

உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் என் கதை.

ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலைப் படித்தவர்களுக்குக் கதையைச் சொல்லவேண்டியதில்லை. நாயகிக்கு 27 வயது. எட்டு ஆண்டுகளுக்கு முன் பிறர் பேச்சைக் கேட்டு அவள் மறுத்துவிட்ட காதலன் திரும்பி வருகிறான். அன்று என் மகளுக்குக் காய்ச்சல். படுக்கவைத்தால் அழுகிறாள், தோளில் போட்டால் மட்டும் உறங்குகிறாள். எனவே நின்றபடி, ஒரு கையில் மொபைலைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். நாவலில், அவன் வேறு யாருக்கோ எழுதுவதுபோல் மேசையில் உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அவளுக்குக் கடிதம் எழுதும் இடம். அந்த நேரம் பார்த்து மகளின் மூச்சு என் கழுத்தில் ஈரமாகப் பட்டது. வியர்த்துவிட்டது, காய்ச்சல் இறங்குகிறது. நான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது அறைக்குள் வந்த உறவினர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் காதல் கதையா?" என்றார். அதுதான் ஆறவில்லை. வேறு எந்த நேரத்தில் படிப்பது?

நிலாமுற்றம், முடிவு தெரிந்ததால் அந்த நாவல்களை எடுப்பதாகச் சொல்கிறீர்கள். நான் அப்படிப் படிப்பதில்லை. ஜேன் ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவில் இந்தக் கடிதமே கிடையாது. அந்த அத்தியாயத்தை ஒதுக்கிவிட்டு மறுபடி எழுதினார். ஒதுக்கிய கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. இரண்டிலும் இருவரும் சேர்கிறார்கள். ஆனால் என்னை அழவைத்தது சேர்ந்துவிட்டார்கள் என்ற செய்தியன்று, சேர்ந்த விதம்.

பக்கம்புரட்டி:

ஒரு தகப்பனாக எழுதுகிறேன். நிலாமுற்றம், முடிவை மாற்றிச் சொல்லவேண்டும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

என் அனுபவம் சிறியது. எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே', 1962. சிவப்பு உடுப்புப் போட்ட பீட்டர் ஒரு பனியுருண்டையைப் பிடித்து, நாளைக்கு வேண்டும் என்று கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறான். படுக்கும் முன் பார்த்தால் பாக்கெட் காலி. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே மகள் எழுந்துபோனாள். கதவருகே மாட்டியிருந்த தன் கோட்டின் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள். அவ்வளவுதான்.

இனி சொல்லவேண்டியது. பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கம். தாளை மடித்து அச்சிடும் கணக்கில் வந்த அளவு அது. இவ்வளவு குறுகிய இடத்தில் கதை சொல்லும் ஓவியர்களுக்குப் பக்கம் புரளும் அந்த ஒரு நொடி மிகப் பெரிய கருவி. ஆகவே பக்கத்தைக் குழந்தையே புரட்டட்டும். நாம் அவசரப்பட்டுப் புரட்டினால் கதையின் பாதியைத் தின்றுவிடுகிறோம். இரண்டாவது, "இது என்ன, அது என்ன நிறம்" என்று பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்காதீர்கள், அது பரீட்சையாகிவிடும். மூன்றாவது, சோகமான பக்கத்தில் உடனே ஆறுதல் சொல்லாதீர்கள். பீட்டருக்குக் கனவில் பனி எல்லாம் உருகிவிடுகிறது. கண்விழித்தால் புதுப்பனி பெய்துகொண்டிருக்கிறது. அந்த ஆறுதலைப் புத்தகம் தானே கொடுக்கிறது, நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும். நான்காவது, ஒரே புத்தகத்தை மறுபடி மறுபடிக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். ஒவ்வொரு முறையும் படத்தில் வேறு எதையோ பார்க்கிறார்கள்.

கடைசிவரி, காய்ச்சல் இருக்கும்போது மங்கிய வெளிச்சத்தில் மொபைலில் படிப்பதைத் தவிர்க்கலாம். குழந்தையின் உறக்கம் கெடும்.

கடைசிவரி:

பக்கம்புரட்டி, உறக்கம் கெடவில்லை, காய்ச்சல் இறங்கியது என்றுதான் எழுதியிருக்கிறேன். உங்கள் மகள் பாக்கெட்டில் கையை விட்டதை ஒரு வரியோடு விட்டுவிட்டீர்களே! அவள் கை வெளியே வந்தபோது முகம் எப்படி இருந்தது? நான் படிக்க விரும்பியது அதைத்தான். மூன்றாவதாகச் சொன்னது மட்டும் முழு உண்மை, அதை எடுத்துக்கொள்கிறேன்.

நூல்நாடா:

இங்கே எல்லோருக்கும் சின்னக் குழந்தைகள். என் மகளுக்குப் பதினான்கு. கட்டிலருகே நான் வைத்திருந்த காதல் நாவலில் அடையாளத்துக்கு ஒரு ரிப்பன் போட்டிருந்தேன். பெரியவர்களுக்கான நாவல், மூடிய கதவுக்குப் பின் நடப்பதையும் எழுதும் வகை. ஓரிரவு திறந்தால் ரிப்பன் நான் விட்ட இடத்துக்கு வெகுதூரம் தள்ளி இருந்தது. அந்தப் பக்கத்தின் மூலை மடித்து, பிறகு கவனமாக நீவி விடப்பட்டிருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ரிப்பனை அவள் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, என் பக்கத்தை நினைவில் வைத்துப் படித்தேன். இரண்டு மூன்று நாள் கழித்து ரிப்பன் இன்னும் நகர்ந்திருந்தது. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, எதற்கும் தொடர்பில்லாமல், "அவன் கடைசிவரை மன்னிப்பே கேட்கவில்லையே. அவள் ஏன் திரும்பப் போனாள்?" என்று கேட்டாள். எனக்கும் அந்த இடம் உறுத்தியிருந்தது. அதையே சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினோம், மடித்த பக்கத்தைத் தவிர எல்லாவற்றையும். அந்தப் பக்கத்தைப் பற்றியும் பேசியிருக்கவேண்டுமா? அறிவுரை கேட்கவில்லை. இப்படி நடந்த வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பக்கம்புரட்டி:

பேசியிருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன். இந்த வயதில் நாம் பேசாததை வேறு எங்கிருந்தோ தெரிந்துகொள்வார்கள்.

வாடைக்காற்று:

அறிவுரை கேட்கவில்லை என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறார். மன்னிப்புக் கேட்காதவனிடம் ஏன் போனாள் என்று பதினான்கு வயதில் கேட்கிற பெண்ணுக்கு, எதைக் கவனிக்கவேண்டும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நம் கையிலேயே இருக்கும் குளிர்காலப் புத்தகத்தை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுத வந்தேன். 'நெடுநல்வாடை' என்ற சங்கப் பாட்டு, நக்கீரர் பாடியது, 188 அடிகள். அதன் முன்பாதியை என் ஆறு வயது மகனுக்கு என் சொற்களில் சொன்னேன். அசல் படப்புத்தகம் அது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்கு நடுங்குகிறது, மரத்தில் இருக்கும் பறவை கீழே விழுகிறது, பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைக்கிறது. வீட்டுப்புறா இரை தேடப் போகாமல், இரவா பகலா என்று தெரியாமல், இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நிற்கிறது. இதைச் சொன்னதும் மகன் போர்வையிலிருந்து எழுந்து கட்டிலின் விளிம்பில் நின்றான். இடது கால், வலது கால், இடது கால். "உண்மைதான், ஒரு கால் சூடாகிறது" என்றான்.

பின்பாதி அரண்மனைக்குள் போகிறது, அது எனக்கானது. நாற்பது வயது யானையின் தந்தத்தில் செய்த கட்டில். அதன் மேல்விதானத்தில் நிலவும் உரோகிணியும் பிரியாமல் இருக்கும் ஓவியம். கணவன் போர்ப் பாசறையில் இருக்க, அரசி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, கண்ணீரை விரலால் தெறிக்கிறாள். எந்தக் காதல் நாவலிலும் எனக்கு இந்த விரல் கிடைக்கவில்லை.

எனக்குள் நிற்பது இதுதான். மகன் மீதியையும் கேட்டான், சுருக்கிச் சொன்னேன். அரசன் நள்ளிரவில் உறங்காமல், காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடப்பதோடு பாட்டு முடிகிறது. "வீட்டுக்கு எப்போது போவார்?" என்றான். பாட்டில் அது இல்லை என்றேன். போர் இப்போதே முடியட்டும் என்று அரசிக்காக வேண்டிக்கொள்ளும் வரி இருக்கிறது, அதைச் சொன்னேன். "யார் வேண்டிக்கொண்டது? அவர்களுக்குத் தெரியுமா, அவர் உறங்கவில்லை என்று?" என்று கேட்டான். இத்தனை முறை படித்தும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. பின்பாதியையும் குழந்தைகளுக்குச் சொல்லிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டார்கள் என்று எழுதுங்கள்.