30 நொடி ஸ்பிரிண்டா, தபாட்டாவா?

கேள்வி: சைக்கிளில் 30 நொடி முழு வேகம், 4 நிமிட ஓய்வு என்று போனால் கால் எரிகிறது. 20 நொடி மிதி, 10 நொடி ஓய்வு என்ற தபாட்டா முறையில் போனால் மூச்சு முட்டுகிறது. ஏன் இப்படி?

பதில்: ஓய்வுதான் காரணம். தசையில் உள்ள கிரியேட்டின் பாஸ்பேட் (உடனடி ஆற்றல் தரும் சேமிப்பு) சில நொடிகளிலேயே பெருமளவு தீர்ந்துவிடும், திரும்ப நிரம்ப சில நிமிடம் வேண்டும், 10 நொடியில் எங்கே நிரம்புவது? அதனால் சுற்றுக்குச் சுற்று வேகம் இறங்கி, ஆக்சிஜனை நம்பும் பங்கு ஏறிக்கொண்டே போகும். 4 நிமிடம் கிடைத்தால் மறுபடி பலமாக மிதிப்பீர்கள், கிளைக்கோஜன் (தசையில் சேமித்த சர்க்கரை) வேகமாக உடைந்து தசையில் அமிலத்தன்மை ஏறும்.

பதில்: 1996இல் ஜப்பானிய ஆய்வாளர் தபாட்டாவின் குழு இந்த 20/10 முறையைச் சோதித்தபோது, மிதித்த தீவிரம் உடலின் ஆக்சிஜன் பயன்பாடு உச்சத்தைத் தொடும் உழைப்பில் 170 சதவீதம். ஜிம்மில் அந்தப் பெயரில் போடும் பர்ப்பி (குந்தி, கால்களைப் பின்னால் நீட்டி, எழுந்து குதிக்கும் பயிற்சி) எல்லாம் பக்கத்தில்கூட வராது!

பதில்: சரி, 6 நொடி ஸ்பிரிண்ட், தாராள ஓய்வு முயன்று பாருங்கள். எரிச்சல் குறைவு.