பெரிய மலைக்கு முன் சின்னக் குன்று: சேர்ந்து நடந்து பழகியவர்கள் சொல்வது

குன்று ஏறிப் பழகுகிறவர்கள் ஏற்றத்துக்கு மட்டும்தான் கணக்கு வைக்கிறார்கள். இன்றைக்கு 600 மீட்டர், இத்தனை நிமிடம் என்று எழுதி வைப்பதோடு சரி. ஆனால் பெரிய மலையில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இறக்கம்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். இறங்கும்போது அப்படியில்லை. ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பையும் பையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துகிறது. பாரத்தோடு நீளும்போது தசை நார்களில் நுண்ணிய சிதைவு விழுகிறது. அன்று மாலை ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் படியிறங்கக் கைப்பிடி தேட வேண்டிவரும்.

ஒருமுறை இப்படி அடிவாங்கி ஆறிய தசைக்கு அடுத்த சில வாரங்கள் அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது. அதனால் நீண்ட இறக்கங்களை வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெரிய இறக்கம், கிளம்பும் நாளுக்கு 10 முதல் 14 நாள் முன்னால் முடிந்திருக்கட்டும். அதற்குப் பிறகு நடையைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

பக்கத்தில் உயரமான மலை இல்லை என்பது தடையே இல்லை. 150 மீட்டர் குன்றை ஐந்து முறை ஏறி இறங்கினால் 750 மீட்டர் ஏற்றம், 750 மீட்டர் இறக்கம். அலுப்பாக இருக்கும், அதுவும் பயிற்சிதான். மழை நாளில் வீட்டுப் படி போதும். ஒரு காலில் நின்று, மற்ற காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று எண்ணி மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, மூன்று சுற்று. முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று நண்பர் எதிரில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும், நமக்கு அது தெரியாது.

*

பை எடைக்குக் கல்லு, புத்தகம்னு எதையும் வைக்காதீங்க. தண்ணிதான் சரி. ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசே வேண்டாம். மேலே போனதும் கொட்டிட்டா இறங்கும்போது முட்டி தப்பிச்சுது.

பாட்டிலை விளிம்பு வரைக்கும் நிரப்பணும். அரைகுறையா இருந்தா உள்ளே அலம்பி, ஒவ்வொரு அடிக்கும் பை பின்னால இழுக்கும். துண்டுல சுத்தி, தோள்பட்டைக்கு நடுவுல, முதுகை ஒட்டி வைங்க. அடியில போட்டா பை தொங்கும், வெளிப்பக்கம் வச்சா ஆளை மல்லாத்தும்.

4, 5 கிலோவுல ஆரம்பிச்சா போதும். ஒரு வாரத்துல தூரம், உயரம், எடை மூணுல ஒண்ணை மட்டும் கூட்டுங்க. மூணையும் சேர்த்துக் கூட்டினா குதிகால் நரம்போ முட்டியோ பிடிச்சுக்கும், அப்புறம் எதனால வந்ததுன்னு கண்டுபிடிக்கவும் முடியாது.

பட்டை இறுக்குறதுலயும் வரிசை இருக்கு. முதல்ல இடுப்புப் பட்டை, அது இடுப்பெலும்போட மேல் விளிம்புல உட்காரணும், வயித்துல இல்லை. அப்புறம் தோள், கடைசியா நெஞ்சு. தோள் மேல வர்ற பட்டைக்குக் கீழே ரெண்டு விரல் சுலபமா நுழையலைன்னா எடை இன்னும் இடுப்புக்கு வரலைன்னு அர்த்தம்.

*

தண்ணீரைக் கொட்டிவிடுவதில் ஒரு திருத்தம். முதல் ஐந்தாறு வாரங்களுக்கு அது சரி. ஆனால் நிஜ மலையில் பை நம்மோடுதானே இறங்கும்? மேலே முதல் நண்பர் சொன்ன இறக்கப் பயிற்சியும் வெறும் பையோடு போனால் பாதிதான் கிடைக்கும். பிற்பாடு பாதியைக் கொட்டி மீதியைச் சுமந்து இறங்கிப் பாருங்கள். முட்டியில் பழைய காயம் உள்ளவர்கள் மட்டும் கொட்டிவிடலாம்.

ஊன்றுகோல் இருந்தால் இறக்கத்துக்கு 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ள வேண்டும். சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் இருக்கும் நீளம்தான் அடிப்படை. கோல் முனை காலுக்கு முன்னால் ஊன்றிய பிறகே கால் இறங்க வேண்டும். கால் இறங்கிய பின் ஊன்றினால் அது அலங்காரம்.

*

சேர்ந்து நடக்கும்போது எங்கே கெடுகிறது என்று கவனித்தால், அநேகமாக ஓய்வு நிற்கும் இடத்தில். வேகமான நால்வர் முன்னால் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தாவது ஆள் வியர்த்து வந்து சேர்ந்ததும், “வந்தாச்சா? கிளம்பலாமா?” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே இல்லை. இப்படி மூன்று முறை நடந்தால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். கடைசி ஆள் பையை இறக்கிய நிமிடத்திலிருந்துதான் ஓய்வைக் கணக்கிட வேண்டும்.

மெதுவாக நடப்பவரை வரிசையில் இரண்டாவதாக நிறுத்துங்கள். கடைசியில் விட்டால் இடைவெளியை மூடவே ஓடிக்கொண்டிருப்பார். செங்குத்தான துண்டு முடிந்து சமதளம் வந்ததும் முதல் ஆள் நீள அடி போடுவார், பின்னால் இருப்பவர்கள் இன்னும் ஏறிக்கொண்டிருப்பார்கள். கடைசி ஆளும் மேலே வரும்வரை முன்னவர் அதே நடையில் போக வேண்டும். வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம், ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம்.

நேரத்துக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 10 கி.மீ., 600 மீட்டர் என்றால் மூன்று மணி. இதில் ஓய்வு சேராது. பாரத்தோடு குழுவாகப் போனால் இன்னொரு பாதி சேர்த்து நாலரை மணி என்று வையுங்கள். திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவு செய்து எல்லோரும் சொல்லிக்கொள்ள வேண்டும். மேலே போனபின் முடிவெடுத்தால் உச்சி ஜெயித்துவிடும். பகல் நடையானாலும் ஆளுக்கொரு தலைவிளக்கு பையில் இருக்கட்டும்.

*

கால் விஷயம் சுருக்கமாக. இறக்கத்தில் பெருவிரல் ஷூவின் முனையில் மோதினால் நகம் கறுக்கும். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டுங்கள். இறங்கும் முன் லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, கணுக்கால் மடியும் இடத்தில் இரட்டை முறுக்குப் போட்டு மேலே இறுக்குங்கள். முன்பாதம் தளர்வாகவே இருக்கலாம். எங்கேயாவது சூடாக உரசுவது தெரிந்தால் அந்த நொடியே நின்று டேப் ஒட்டவும். “அடுத்த ஓய்வில் பார்த்துக்கலாம்” என்றால் அடுத்த ஓய்வில் கொப்புளம் இருக்கும். குழுவை நிறுத்த வெட்கப்பட்டுத்தான் பலரும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

*

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தாழ்ந்த குன்றில் எவ்வளவு நடந்தாலும் உயரத்துக்கு உடம்பு பழகாது. சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. நல்ல தெம்பு உள்ளவருக்கும் அங்கே தலைவலி, குமட்டல் வரும். தெம்பு இருப்பதால் அவர் வேகமாக ஏறிவிடுவது கூடுதல் ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே இடத்தில் தங்க வேண்டும்.

குன்று நடை இதற்கு வேறு விதத்தில் உதவும். உயர நோய் முற்றினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். இது களைப்பா நோயா என்று பிரித்துச் சொல்ல, அவர் சாதாரணமாகக் களைத்தால் எப்படி இருப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியின் கடைசியில், எல்லோரும் களைத்திருக்கும்போது, பெருவிரலை ஒட்டிக் குதிகால் வைத்து ஒரு நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். கீழே களைப்பிலும் கோணாமல் நடந்தவர் மேலே நான்காவது அடியில் தடுமாறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும்.