சின்ன டிசைன் அலுவலகம், இரண்டு பங்குதாரர்கள்: லாபம் சரிபாதியா?

கேள்வி: நானும் தோழியும் சேர்ந்து அலுவலகம் தொடங்குகிறோம். கட்டட வரைபடம் என் பொறுப்பு, இன்டீரியர் அவளுடையது. லாபத்தைப் பாதிப்பாதியாகப் பிரிக்கலாமா?

பதில் 1: லாபம் இருக்கட்டும், முதலில் வேலையில் யார் பெயர் வரும் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ராபர்ட் வென்ச்சூரியும் அவர் மனைவி டெனிஸ் ஸ்காட் பிரவுனும் சேர்ந்தே வேலை செய்தார்கள், ஆனால் 1991-இல் கட்டடக் கலைக்கான பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வென்ச்சூரிக்கு மட்டும்தான் போனது. 2013-இல் ஸ்காட் பிரவுனையும் சேர்க்கச் சொல்லி மனு போட்டும் நடக்கவில்லை.

பதில் 2: இன்டீரியரில் பணம் சீக்கிரம் வரும், கட்டடம் இழுத்துக்கொண்டே போகும். அதனால் இருவருக்கும் மாதச் சம்பளம், மீதியை ஆண்டு முடிவில் பிரியுங்கள். ஒருவர் விலகினால் வரைபடங்கள் யாருக்கு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பதில் 3: வேலையை இப்படிக் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள், அப்புறம் உங்கள் வரைபடத்தில் இருக்கும் ஏசி டக்டும் (காற்றுக் குழாய்) அவள் போடும் ஃபால்ஸ் சீலிங்கும் சைட்டில்தான் முட்டிக்கொள்ளும்.